வெளிறிய எலிகளின் ரத்தத்தில் ஒரு கோடு

போரிவொயே மீது எனக்குள்ள வன்மத்துக்கு விதை விழுந்த நாளைத் துல்லியமாகச் சொல்ல முடியும். எழுபதாம் ஆண்டு ஜனவரி, ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி. அன்றுதான் லெபோசவாவின் அலமாரிச் சாவியை என் கையாலேயே எடுத்து அவரிடம் கொடுத்தேன்.

என் பெயர் ஸ்தானா. பெல்கிரேடில் ஆஸ்பத்திரி மேட்டில் இருந்த ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் அடித்தளத்தில் பத்தொன்பது வருஷம் எலி வளர்த்தேன். போர் முடிந்ததும் துணி வெளுக்கும் வேலைக்கு வந்தவள். கை இரண்டும் சோடாவில் வெந்து போனதால் எலிகளிடம் அனுப்பினார்கள். எங்கள் எலிகளுக்குள் பரம்பரைச் சோகை ஓடியது. ஓர் ஈற்றில் பத்துக் குட்டி பிறந்தால் இரண்டோ மூன்றோ பிறவியிலேயே ரத்தம் செத்தவை. கூடப்பிறந்தவை செக்கச்செவேலென்று நெளியும்போது இவை மட்டும் மெழுகுபோல வெளிறிக் கிடக்கும். பாதி பால் மறப்பதற்குள் போய்விடும். மீதிப் பாதி என் கையால் பாலும் முட்டையும் குழைத்து ஊட்டிப் பிழைத்தவை.

லெபோசவாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது. மேற்கு மலைப்பக்கத்துக்காரி. உயரம், கறுப்பு முடி, பேச்சு குறைவு. நாங்கள் லெப்பா என்று கூப்பிடுவோம். வெளிறிய எலியிடம் கொஞ்சம் ரத்தம், அதன் ஆரோக்கியமான உடன்பிறப்பிடம் கொஞ்சம் ரத்தம் எடுப்பாள். சிவப்பணுக்கள் அடியில் தங்கியதும் மேலே நிற்கும் தெளிநீரை எடுத்து, நீளமான காகிதப் பட்டைகளில் ஒரு சொட்டு வைத்து மின்சாரம் பாய்ச்சுவாள். ரத்தத்திலுள்ள புரதங்கள் ஒவ்வொன்றும் தன் வேகத்துக்கு ஏற்ப ஓடி ஒவ்வோர் இடத்தில் நிற்கும். பிறகு சாயத்தில் முக்கினால் கருநீலக் கோடுகள் தெரியும். இரண்டு எலிகளின் பட்டைகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எது கூட, எது குறைவு என்று பார்ப்பதுதான் அவள் வேலை. அதை வைத்துத்தான் டாக்டர் பட்டம் வாங்கப் போகிறாள். ஆறு வருஷமாக ஒற்றை அறையில் குடியிருந்துகொண்டு அதற்காகவே உழைத்தாள்.

டிசம்பரில் ஒரு நாள் மூச்சிரைக்கக் கீழே ஓடி வந்தாள்.

"அக்கா, இங்க பாருங்க! வெளுத்ததுங்க பன்னெண்டுலயும் ஒரு கோடு கூட இருக்கு. நல்லதுங்க ஒண்ணுல கூட இல்ல."

நான் பட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இருந்தது. நடுவில், ஊசியால் கீறியதுபோல.

"இதனால என்னம்மா?"

"சோகைக்கே காரணமான புரதமா இருக்கலாம்க்கா. இதுவரைக்கும் யாரும் பாத்ததில்ல."

அவள் அதைத் துறைத் தலைவர் போரிவொயேவிடமும் சொன்னாள். சொல்லாமல் எப்படி இருப்பாள்? அவர்தான் வழிகாட்டி. ஐம்பது வயது, தேய்த்த சட்டை, எல்லாருடைய பிள்ளைகள் பெயரும் நினைவில் வைத்திருக்கும் மனிதர். "அப்படியா, நல்லது, அவசரப்படாதீங்க" என்று மட்டும் சொன்னாராம்.

ஜனவரியில் லெப்பாவின் அப்பா இறந்துபோனார். பனியில் பஸ் பிடித்து ஊருக்குப் போனாள். போகும்போது அலமாரிச் சாவியை என்னிடம் கொடுத்தாள். சாயப் புட்டிகள் உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அதற்குத்தான். நாலாம் நாள் போரிவொயே அடித்தளத்துக்கு இறங்கி வந்தார். பத்து வருஷத்தில் அவர் அங்கே வந்தது அதுதான் இரண்டாம் முறை.

"ஸ்தானா, லெபோசவா பாவம், அப்பா போன துக்கத்துல இருக்கா. அவ வேலை நின்னு போயிடக் கூடாது பாருங்க. நானே கொஞ்சம் ஒழுங்கு பண்ணி வைக்கிறேன். சாவியக் குடுங்க."

எனக்கு அவர் மேல் மரியாதையே வந்தது. கொடுத்துவிட்டேன்.

லெப்பா திரும்பி வந்தபோது அவள் சோதனை முடிவுகளை எழுதும் நோட்டு அலமாரியில்தான் இருந்தது. "நான் புரட்டிப் பாத்தேன், நல்லா எழுதியிருக்கீங்க" என்றார் போரிவொயே. அவளும் சந்தோஷப்பட்டாள். கறுப்பு உடையில், கண் வீங்கி, உடனே வேலையில் உட்கார்ந்தாள்.

அந்த வாரம் காபி குடித்துக்கொண்டிருந்தபோது நான் ஒன்று சொன்னேன். பெரிதாக நினைத்துச் சொல்லவில்லை.

"ஏம்மா, வெளுத்ததுங்க எல்லாத்தையும் கீழ் வரிசையிலதான வெச்சிருக்கோம், சுவரோரமா? நவம்பர்ல குழாய் வெடிச்சதுல இருந்து அங்க ஒரே ஈரம். எல்லாத்துக்கும் சளி. மூக்கோரம் செம்பழுப்பா கறை கட்டுது. மேல அடுப்புப் பக்கம் இருக்கற நல்லதுங்களுக்கு ஒண்ணும் இல்ல. அது ஒண்ணும் உன் கோட்டக் கெடுக்காதே?"

அவள் குவளையைக் கீழே வைத்தாள். எழுந்து நேரே கூண்டுகளிடம் போனாள்.

மறுநாளே வெளிறியவை ஆறை மேலே அடுப்புப் பக்கம் மாற்றினோம். ஆரோக்கியமானவை ஆறைக் கீழே ஈரத்துக்குக் கொண்டு வந்தோம். மூன்று வாரம் போயிற்று. மேலே போனவற்றுக்குச் சளி நின்றது. கீழே வந்தவை தும்மத் தொடங்கின. பிப்ரவரி பதினொன்றாம் தேதி லெப்பா பட்டைகளை வரிசையாக மேசையில் பரப்பிவிட்டு என்னைக் கூப்பிட்டாள். சளி நின்ற வெளிறியவற்றில் அந்தக் கோடு இல்லை. சளி பிடித்த நல்ல எலிகள் அத்தனையிலும் கோடு இருந்தது.

"சோகைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லக்கா. நெஞ்சு சளி வந்தா எந்த எலிக்கும் வர்ற புரதம் இது. மடச்சி நான். வேற வேற இடத்துல வெச்சுட்டு ரத்தத்த ஒப்பிட்டிருக்கேன்." சிரித்தாள். "நல்லவேளை நீங்க சொன்னீங்க. இல்லன்னா ஊரே சிரிச்சிருக்கும்."

எல்லாவற்றையும் புது நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதினாள். போரிவொயே அப்போது வெளியூரில் இருந்தார். வந்ததும் சொல்லலாம் என்று இருந்தாள். அவர் வருவதற்குள், மார்ச் முதல் வாரத்தில், தட்டச்சு அறைக்குக் காகிதம் வாங்கப் போனவள் மேசைமேல் ஒரு கட்டுரையின் தட்டச்சுப் படி கிடந்ததைப் பார்த்தாள். 'பரம்பரைச் சோகை எலிகளின் ரத்தத்தில் ஒரு புதிய புரதம்.' எழுதியவர்கள் போரிவொயே, ரான்கா. ரான்கா அவருடைய மனைவியின் அக்கா மகள், இருபத்து நாலு வயது, வேலைக்கு வந்து ஐந்து மாதம். கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில், பட்டைகளுக்குச் சாயம் ஏற்றி உதவிய தோழர் லெபோசவாவுக்கு நன்றி.

அவள் படி இறங்கி வந்த விதத்தை இன்றும் என்னால் விவரிக்க முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு, கிழவி மாதிரி வந்தாள். எலிக்கூண்டுகளுக்கு நடுவே கவிழ்த்து வைத்த வாளிமேல் உட்கார்ந்தாள்.

"எங்கப்பாவ குழியில இறக்கிட்டிருந்தப்ப இவன் என் நோட்டப் பிரதி எடுத்திருக்கான்."

"சாவி குடுத்தது நான்தான் லெப்பா. என்ன அடி. அடிச்சுடும்மா."

"உங்கள எதுக்குக்கா அடிக்கணும்?"

"சரி, மேல போ. இப்பவே போ. எல்லாரும் இருக்கறப்ப அவன் மூஞ்சில துப்பு."

பக்கத்துக் கூண்டில் ஒரு வெளிறியது தும்மிக்கொண்டே இருந்தது. அதைப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தில் வந்ததைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது.

"துப்பினா தொடச்சுக்குவான். அந்தக் கோடு பொய்யின்னு அவனுக்குத் தெரியாதுக்கா. நம்ம ரெண்டு பேருக்குத்தான் தெரியும்."

"அதனால?"

"அதனால ஒண்ணும் சொல்ல மாட்டேன். அவன் ஏறட்டும். எவ்வளவு உயரம் ஏறுவானோ ஏறட்டும்."

இரண்டாவது நோட்டை அன்று சாயங்காலமே என் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். என் சமையலறையில் ஊறுகாய் மிளகாய்ச் சாடிகளுக்குப் பின்னால் ஏழு மாதம் அது இருந்தது.

அந்த ஏழு மாதத்தில் லெப்பாவைப் போலப் பணிவான பெண்ணை அந்த நிலையம் பார்த்ததில்லை. போரிவொயேவுக்கு அவளே காபி போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கட்டுரையைப் பற்றி அவராகவே ஒரு நாள் பேச்செடுத்தாராம். "ரான்காவுக்கு ஒரு தொடக்கம் வேணும், உங்களுக்கு வயசிருக்கு, வேற தலைப்பு தர்றேன், கோபம் இல்லையே?" என்றாராம்.

"கோபமா? என் பேரு நன்றியில வந்திருக்கே, அதுவே பெருமை தோழர் டாக்டர்" என்றாளாம் இவள்.

இதை என்னிடம் நடித்துக் காட்டியபோது நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

கட்டுரை ஜூனில் வெளிவந்தது. அக்டோபரில் எங்கள் நிலையத்தில் பெரிய கூட்டம் என்று முடிவாயிற்று. சாக்ரெபிலிருந்தும் லூப்லியானாவிலிருந்தும் ஆட்கள் வருவார்கள், வெளிநாட்டு விருந்தாளிகள் ஐந்தாறு பேர். போரிவொயேவின் உரைதான் தலைமை உரை. கூட்டம் முடிந்த மறுவாரம் ஊழியர் மன்றம் புதிய இயக்குநரைத் தேர்ந்தெடுக்கும். அவர்தான் வருவார் என்று எல்லாருக்கும் தெரியும். மன்றத்தில் எனக்கும் ஓர் ஓட்டு இருந்ததால் அவர் என்னைக்கூட வழியில் நிறுத்தி முதுகுவலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

இனி நான் சொல்லப்போவது எனக்குச் சுலபமில்லை.

உரையில் காட்டுவதற்குப் புதிய பட்டைகள் வேண்டும் என்று போரிவொயே ஏப்ரலிலேயே ரான்காவை அனுப்பினார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை அந்தப் பெண் வந்து ரத்தம் எடுத்துப் போனாள். கோடு வர வேண்டும் என்றால் வெளிறியவை தும்மிக்கொண்டே இருக்க வேண்டும். அதாவது அவற்றை நான் ஈரத்திலிருந்து மாற்றக் கூடாது. நல்லவற்றைக் கீழே இறக்கவும் கூடாது. சோதனைக்காக இடம் மாற்றியவற்றையும் பழைய இடத்துக்கே கொண்டுபோயிருந்தேன்.

மே மாதம் குழாய்க்காரன் வந்து சுவரைப் பார்த்துவிட்டு ஒரே நாளில் சரிசெய்து தருகிறேன் என்றான். நான் அவனைத் திருப்பி அனுப்பினேன்.

என் கைப் பாலில் வளர்ந்தவை அவை. ஏற்கெனவே ரத்தமில்லாத உடம்பு, அதற்குள் நெஞ்சுச் சளி. மூச்சு விடும்போது விலா எலும்புகள் உள்வாங்கும். ஜூலையில் ஒரே வாரத்தில் ஒன்பது செத்தன. நான் லெப்பாவிடம் போனேன்.

"போதும் லெப்பா. மேல மாத்திடலாம். என்னால காதுல கேக்க முடியல."

"மாத்தினா கோடு போயிடும். கோடு போனா ரான்கா கண்டுபிடிச்சுடுவா. அவனும் மெதுவா ஒரு திருத்தம் போட்டுட்டு நல்ல பேரோட தப்பிச்சுடுவான். அதுக்கா நான் அவனுக்குக் காபி தூக்கறேன்?"

"உயிரும்மா."

"தெரியும்." அவள் என்னைப் பார்க்கவில்லை. "உங்களால முடியலன்னா சொல்லுங்க. நான் கேக்க மாட்டேன்."

சாவி கொடுத்த கை என்னுடையது. நான் முடியாது என்று சொல்லவில்லை. செப்டம்பர் முடிவதற்குள் முப்பத்தொரு எலிகள் போயின. ஒவ்வொன்றையும் எரிக்க நானே சூளைக்குக் கொண்டுபோனேன்.

கூட்டத்தன்று காற்று கிழக்கிலிருந்து ஊளையிட்டு வீசியது. மண்டபம் நிறைந்துவிட்டது. நான் நீல வேலை அங்கியோடு கதவோரம் நின்றேன். தலைமை தாங்கியவர் பேராசிரியர் திஹோமிர். எழுபது வயதுக்காரர், காது மந்தம், ஆனால் மற்றபடி மந்தமில்லாத மனிதர். போரிவொயே நாற்பது நிமிஷம் பேசினார். நன்றாகத்தான் பேசினார். திரையில் பட்டைகள் வந்தன. "இந்தக் கோடு சோகையின் கையெழுத்து" என்று கோலால் தொட்டுக் காட்டினார். கைதட்டினார்கள். வெளிநாட்டுக்காரர் ஒருவர் எழுந்து நின்றே தட்டினார்.

கேள்விகள் இருக்கிறதா என்று திஹோமிர் கேட்டார். மூன்றாவது வரிசையில் லெப்பா எழுந்தாள்.

"ஒரு சின்ன சந்தேகம் தோழர் டாக்டர். அந்த வெளுத்த எலிங்கள எந்த இடத்துல வெச்சிருந்தீங்க?"

போரிவொயே புன்னகைத்தார். "எலி அறையிலதான். வேற எங்க வெப்போம், ஓட்டல்லயா?" மண்டபம் சிரித்தது.

"அறையில எந்தப் பக்கம்?"

"அந்த விவரமெல்லாம் உதவியாளருங்களுக்குத்தான் தெரியும்மா."

"அப்ப உதவியாளர் நானே சொல்றேன்" என்று லெப்பா மேடைக்கு நடந்தாள். கையில் என் மிளகாய்ச் சாடிகளுக்குப் பின்னால் இருந்த நோட்டு. படம் காட்டுகிறவனிடம் ஒரு படத் தகட்டைக் கொடுத்தாள். திரையில் பன்னிரண்டு பட்டைகள் வந்தன. "மேல இருக்கற ஆறும் சோகை எலிங்க. சளி இல்லாத இடத்துல மூணு வாரம் இருந்ததுங்க. கோடு எங்க இருக்குன்னு காட்டுங்க, தோழர் டாக்டர். கீழ இருக்கற ஆறும் ஆரோக்கியமானதுங்க. ஈரச் சுவரோரம் சளி பிடிச்சதுங்க. இதுல கோடு ஏன் வந்ததுன்னு சொல்லுங்க."

போரிவொயே திரையைப் பார்த்தார். அவர் முட்டாள் இல்லை. ஒரு பார்வையில் புரிந்துவிட்டது. முகத்திலிருந்து ரத்தம் இறங்குவதை நான் கதவிலிருந்தே பார்த்தேன். என் எலிகளைப்போலவே வெளிறினார். சொல்ல வெட்கமில்லை, அந்த நிமிஷத்தை நான் தேன்போல நக்கினேன்.

"இது... இது பொறாமை" என்றார். "இந்த எலிங்க எங்க இருந்ததுன்னு என்ன சாட்சி?"

"ஸ்தானாக்கா நிக்கிறாங்க. கேளுங்க."

"எலிக்கூண்டு கழுவறவ சொல்றதையா நாம..."

"அவங்க பேசட்டும்" என்றார் திஹோமிர், காதுக்குப் பின்னால் கையைக் குவித்து. "சத்தமாச் சொல்லுங்க தோழர் ஸ்தானா."

"அவங்க சொல்றது சரி. நான்தான் இடம் மாத்தினேன்" என்று கத்தினேன். "அப்பறம் இன்னொண்ணும் சொல்லணும். முதல் நோட்டும் அவங்களுதுதான். அவங்க அப்பா சாவுக்குப் போனப்ப இந்த ஆளு என்கிட்ட சாவி வாங்கித் திருடினாரு!"

மண்டபம் கலகலத்தது. ரான்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வெளிநாட்டுக்காரர்களுக்கு யாரோ காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார்கள். திஹோமிர் மேசையைத் தட்டினார். நோட்டை வாங்கிப் புரட்டினார். ஒரு பக்கத்தில் விரல் நின்றது.

"பிப்ரவரி பதினொண்ணு" என்று வாசித்தார். "கட்டுரை வந்தது ஜூன்ல. அம்மா, உங்களுக்கு நாலு மாசம் முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சும் பொய் அச்சாகட்டும்னு விட்டீங்களா?"

ஏதாவது சொல்லித் தப்பித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பயந்திருந்ததாகச் சொல்லியிருக்கலாம். யாரும் நம்பியிருப்பார்கள்.

"ஆமாங்க. வேணும்னேதான் விட்டேன். அவரு இந்த மேடையில நிக்கணும்னு காத்திருந்தேன்."

கிழவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப ரெண்டு பேருமே இந்த வேலைக்கு லாயக்கில்ல" என்று மெதுவாகச் சொன்னார். ஒலிபெருக்கியில் எல்லாருக்கும் கேட்டது.

அப்படித்தான் முடிந்தது. போரிவொயே இயக்குநர் போட்டியிலிருந்து விலகினார். குளிர்காலத்துக்குள் தெற்கே ஒரு சிற்றூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். லெப்பாவுக்கு எழுத்து மூலமாகக் கண்டனம், மூன்று வருஷம் பட்டத்துக்கு விண்ணப்பிக்கத் தடை. கடிதத்தை அவள் என் எதிரிலேயே பிரித்துப் படித்தாள். மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, "ரெண்டு வருஷம்னு நெனச்சேன்" என்றாள். வருத்தமா என்று கேட்டேன். "அவன் மூஞ்சி போன போக்கு ஞாபகம் இருக்கற வரைக்கும் இல்ல" என்றாள்.

ரான்கா வேலையை விடுமுன் ஒரு நாள் அடித்தளத்துக்கு வந்தாள். "ரெண்டு வாரத்துக்கு ஒரு தரம் உங்க கிட்ட வந்தேன். எனக்குக் காபி குடுத்தீங்க. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை" என்றாள். நான் கூண்டைக் கழுவத் திரும்பினேன். ஈரச்சுவரை அதற்குள் சரிசெய்திருந்தேன். வெளிறியவற்றில் பதினாலுதான் மிச்சம். அவற்றிலிருந்துதான் மறுபடி குலம் பெருகியது. லெப்பா மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள், எல்லா எலியும் ஒரே அறையில், ஒரே அடுப்புப் பக்கம். இரும்பைச் சுமக்கிற புரதம் மட்டும் சோகை எலிகளில் கொஞ்சம் கூடுதல், மற்றதெல்லாம் சமம் என்று வந்தது. இரண்டு பக்கக் கட்டுரை. யாரும் எழுந்து நின்று கைதட்டவில்லை.

நாலு வருஷம் கழித்து என் தங்கை மகளுக்குப் பிரசவம் என்று தெற்கே போயிருந்தேன். அந்த ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தம் சோதிக்கும் சன்னலுக்கு முன்னால் வரிசையில் நின்றபோது உள்ளிருந்து கையை நீட்டிக் குழாயை வாங்கியவர் போரிவொயே. முடி முழுவதும் நரைத்திருந்தது. சட்டை தேய்க்கவில்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"ஸ்தானா. முதுகுவலி எப்படி இருக்கு?"

"இருக்கு."

குழாயில் பெயர் ஒட்டினார். பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார்: "லெபோசவா எப்படி இருக்கா?"

அந்த மாதம்தான் பட்டத்துக்கான லெப்பாவின் விண்ணப்பம் இரண்டாம் முறையாகத் திரும்பி வந்திருந்தது. அதே ஒற்றை அறை. பல் வலிக்கு மருந்து போட்டுக்கொண்டு பட்டைகளுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் ஆயிட்டாங்க" என்றேன். "உங்க அறையிலதான் உக்காந்திருக்காங்க. நாற்காலிய மட்டும் மாத்திட்டாங்க. டான்யூப் பக்கமா ரெண்டு பால்கனி வெச்ச வீடு. மாப்பிள்ள ரொம்பத் தங்கமானவரு. போன வருஷம் ஸ்டாக்ஹோம்ல கூப்பிட்டுப் பேச வெச்சாங்க."

அவர் ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டார். "நல்லது" என்றார். அடுத்த ஆளின் குழாயை வாங்கக் கை நீட்டினார்.

வெளியே வந்து, எதிர்க்கடையில் இறைச்சி வைத்த சூடான அடை ஒன்று முழுசாக வாங்கினேன். பாதிதான் எப்போதும் சாப்பிடுவேன். அன்று கடைசித் துண்டு வரை தின்றேன்.